ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்காதீர்கள்

எழுத்தாளர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ரொம்ப நாள் ஆர்வமே இருந்ததில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் புத்தகத்தில் எழுதி முடித்த ஒருவரை எதற்கு மேடையில் உட்காரவைத்து, சட்டையில் மைக்கை மாட்டி, மறுபடியும் சொல்லச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். அதுவும் அறிவியல் புனைவு, மிகுபுனைவு (மாயமந்திர உலகக் கதைகள்) எழுதுபவர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் பயம். ஒரு கிரகத்தையே கட்டி எழுப்பியவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் தடுமாறுவதைப் பார்த்துவிட்டால், அப்புறம் அந்தக் கிரகம் எனக்குப் பழையபடி இருக்குமா?

என்னை மாற்றியது ஒரு சின்னப் பையன் கேட்ட கேள்வி. இணையத்தில் நடந்த ஒரு நேரலை உரையாடல் அது. எழுத்தாளரின் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் அந்த நாவலைப் பற்றியும் கருத்துச் சொல்ல வேண்டி வரும், அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கதை இரண்டு சூரியன்கள் உள்ள கிரகத்தில் நடக்கிறது. நாற்பது நிமிடம் வழக்கமான பேச்சுதான்: எப்படி எழுத வந்தீர்கள், காலையில் எழுதுவீர்களா இரவிலா, அந்த ரகம். நான் பாதிக் காதில் கேட்டபடி துணி மடித்துக்கொண்டிருந்தேன். கேள்வி நேரத்தில் அந்தப் பையன் திரையில் வந்தான், பத்து வயது இருக்கலாம். அந்தக் கிரகத்தில் எல்லாருக்கும் இரண்டு நிழல் விழும்தானே, அப்போ கண்ணாமூச்சி ஆடினால் சீக்கிரம் மாட்டிக்கொள்வார்களா என்று கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். எழுத்தாளர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். இரண்டு சூரியனும் ஒரே நிறம் இல்லை என்று மெதுவாக ஆரம்பித்தார். ஒன்று சிவப்பு, இன்னொன்று நீலம். அப்போ சிவப்புச் சூரியனால் விழும் நிழலில் நீல வெளிச்சம் மட்டும்தான் படும், அது நீலமாகத் தெரியும், மற்றது சிவப்பாகத் தெரியும். அப்போ ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் மறைக்கிற இடம் வேண்டும், இல்லையென்றால் இரண்டு சூரியனும் ஒரே திசையில் வரும் நாள்வரை காத்திருக்க வேண்டும். அப்போ திருடர்களும் அந்த நாளுக்குத்தான் காத்திருப்பார்கள். அப்போ அன்றைக்கு ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். அப்போ நாளடைவில் அது ஒரு திருவிழாவாக மாறியிருக்கும், ஏனென்றால் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாளில் மனிதர்கள் வேறென்ன செய்வார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்தினார். இது புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும் என்றார். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. நான் துணி மடிப்பதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

அந்த ஐந்தாறு ‘அப்போ’க்கள்தான் எனக்கு வேண்டியவை என்று அன்றைக்குப் புரிந்தது. இந்த வகை எழுத்தாளர்களின் தொழிலே அந்த ‘அப்போ’தான். ஒரு விஷயத்தை மாற்று, அதனால் எது மாறும், அது மாறினால் எது மாறும். புத்தகத்தில் இது நமக்கு முடிந்த வடிவில் கிடைக்கிறது, சாரமெல்லாம் பிரித்துச் சுண்ணாம்பும் அடித்த பிறகு. நேரில் பேசும்போது மட்டும்தான் செங்கல் அடுக்குவதைப் பார்க்க முடியும். சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ கேள்வி பதில்களைப் படித்தவர்களுக்கு இந்த ருசி கொஞ்சம் தெரிந்திருக்கும், ஆனால் அது அச்சில் வந்தது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அவர் எவ்வளவு நேரம் யோசித்தார் என்பது நமக்குத் தெரியாது. எனக்கு அந்த நடுவில் உள்ள இடம்தான் வேண்டும்.

மற்ற எழுத்தாளர்களின் பேட்டிகளில் இது ஏன் குறைவு என்றும் யோசித்திருக்கிறேன். குடும்பம், காதல், ஊர் என்று எழுதுபவரிடம் பேட்டி எடுப்பவர் எப்படியும் ஒரே இடத்துக்குத்தான் வருவார்: அந்த அண்ணன் நிஜத்தில் யார், அந்தப் பெண் நீங்கள்தானா? அவரும் மழுப்புவார், நாமும் கிசுகிசு கேட்கிற ஆர்வத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வேற்றுக்கிரகக் கதை எழுதியவரிடம் அந்த மூன்று கால் பிராணி நீங்கள்தானா என்று கேட்க முடியாது. கேட்கலாம், ஆனால் யாரும் கேட்பதில்லை. அதனால் பேச்சு தானாகவே வேறு பக்கம் போகிறது: மூன்று கால் என்றால் எப்படி ஓடும், படிக்கட்டு எப்படி இருக்கும், ‘வலது இடது’ என்பதற்கு அவர்கள் மொழியில் சொல் இருக்குமா. இந்த வகை எழுத்துக்கு ஊகப் புனைவு என்று மொத்தமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது இன்னும் வாயில் ஏறவில்லை, ஆனால் பேட்டிகளைக் கேட்கும்போது மட்டும் சரியான பெயர் என்று தோன்றும்.

செங்கல் அடுக்குவதை ஒளிவுமறைவில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் நான் எல்லாருக்கும் சொல்வது என். கே. ஜெமிசினைத்தான். 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று வருடம், அறிவியல் புனைவு, மிகுபுனைவு உலகின் பெரிய விருதான ஹ்யூகோவைச் சிறந்த நாவலுக்காக வாங்கியவர், அதற்கு முன்னால் யாரும் அப்படி வாங்கியதில்லை. 2018ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் எஸ்ரா க்ளைனின் பாட்காஸ்டுக்கு வந்தபோது, உலகம் படைப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருக்காமல், அவரையும் சேர்த்துக்கொண்டு அங்கேயே ஓர் உலகத்தைக் கட்டிக் காட்டினார். முதலில் நிலமும் கடலும், பிறகு தட்பவெப்பம், பிறகு அங்கே எப்படிப்பட்ட உயிர்கள் வாழும், அதற்கப்புறம்தான் சமூகம், அதில் யார் கையில் அதிகாரம், யாரிடம் எது இல்லை. ஒவ்வொரு படியிலும் க்ளைன் ஒன்றைச் சொல்வார், அதனால் என்ன ஆகும் என்று ஜெமிசின் கேட்பார். அவர் மனநல ஆலோசனைத் துறையில் படித்து வேலை பார்த்தவர், அது அந்தக் கேள்விகளில் தெரியும். எதிரில் இருப்பவர் தன்னுடைய உலகத்தில் தனக்குத் தெரியாமலே நம் உலகத்தின் வழக்கங்களை எடுத்துவந்து வைத்திருப்பதை, திட்டாமல், ஒரு கேள்வியால் காட்டிவிடுவார். நான் அதை மூன்று முறை கேட்டேன். இரண்டாவது முறை பேப்பரும் பேனாவும் எடுத்து நானும் ஓர் உலகம் கட்டினேன், அது பார்ப்பதற்கு ஓர் உருளைக்கிழங்கு போல வந்தது, அதை விடுங்கள்.

டெட் சியாங் இதற்கு நேர் எதிர். மென்பொருள் துறையில் தொழில்நுட்பக் கையேடுகள் எழுதிப் பிழைத்தவர், கதைகள் மிகக் குறைவு, பேட்டியிலும் அதே கை. ஒரு வார்த்தை கூடுதலாக வராது. அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி இருக்கிறதே, ஆயிரம் மேடைகளில் ஆயிரம் பேர் கேட்டு நைந்துபோன கேள்வி, பெரும்பாலானவர்கள் அதற்கு ராக்கெட் இருந்தால் இது, டிராகன் இருந்தால் அது என்று ஒரு ஜோக் அடித்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். சியாங் அதற்கு ஓர் உதாரணம் சொல்வார். ஈயத்தைத் தங்கமாக்கும் ஒரு வழி இருக்கிறது என்று வையுங்கள். செய்முறையைத் தெரிந்துகொண்டு யார் வேண்டுமானாலும் செய்யலாம், தொழிற்சாலை வைத்து டன் கணக்கில் உற்பத்தி செய்யலாம் என்றால் அந்தக் கதை அறிவியல் புனைவு. மனத்தூய்மை உள்ள ஒருவரால் மட்டும்தான் முடியும், அவரும் தன் உயிரைக் கொடுத்து ஒரு சின்னத் துண்டுதான் செய்ய முடியும் என்றால் அது மிகுபுனைவு. அதாவது அந்தப் பிரபஞ்சத்துக்கு உங்களை ஆள் பார்த்துத் தெரியுமா, இல்லை எல்லாரும் ஒன்றுதானா என்பதுதான் வித்தியாசம். அவர் வெவ்வேறு பேட்டிகளில் இதை வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். முதல் தடவை கேட்டபோது நான் படித்த புத்தகங்களை எல்லாம் மனசுக்குள் எடுத்து வேறு அலமாரிகளுக்கு மாற்றி வைத்தேன். ஆவி வருகிற கதையாக இருக்கும், ஆனால் ஆவி எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், அப்போ அது எங்கே போகும்? இன்னும் ஒரு நாலைந்து புத்தகங்கள் தரையிலேயே கிடக்கின்றன.

சரி, இப்போது எனக்குப் பிடிக்காத கேள்வி. ‘எதிர்காலம் எப்படி இருக்கும்?’ இந்தக் கேள்வி வந்தால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். எழுத்தாளரை ஜோசியராக்கும் வேலை இது. ஆர்தர் சி. கிளார்க் 1964ல் பிபிசியின் ஹொரைசன் நிகழ்ச்சியில் பேசிய துண்டு அடிக்கடி பகிரப்படும், பார்த்திருப்பீர்கள்: 2000ஆம் ஆண்டு வாக்கில் பூமியில் எங்கிருந்தும் நண்பர்களோடு உடனே பேசலாம், வேலைக்காக நகரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, எடின்பரோவில் இருக்கும் மருத்துவர் நியூசிலாந்தில் இருப்பவருக்கு மூளை அறுவை சிகிச்சை செய்யக்கூடும் என்றெல்லாம். எல்லாரும் வாயைப் பிளக்கிறோம். ஆனால் எதிர்காலத்தைக் கணிக்க முயல்வது சோர்வூட்டுகிற, ஆபத்தான வேலை என்றும் அதே ஆள் அதே நிகழ்ச்சியில் சொல்கிறார், அதை யாரும் பகிர்வதில்லை. இன்னொன்றையும் பகிர்வதில்லை. குரங்கினங்களின் அறிவை வளர்த்து வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார். சொல்லிவிட்டு, கடைசியில் அந்தச் சிம்பன்சிகளும் தொழிற்சங்கம் ஆரம்பித்துவிடும், நாம் பழைய இடத்திலேயே வந்து நிற்போம் என்று முகம் மாறாமல் சேர்க்கிறார்.

என்னைக் கேட்டால் அந்த நிகழ்ச்சியிலேயே நல்ல இடம் சிம்பன்சிதான். தொலைத்தொடர்பு பற்றிச் சொன்னது அவருக்கு நன்கு தெரிந்த துறை, செயற்கைக்கோள் வழியே தகவல் அனுப்புவது பற்றி 1945லேயே கட்டுரை எழுதியவர், அது பலித்ததில் பெரிய அதிசயம் இல்லை. சிம்பன்சியில்தான் ‘அப்போ’ இருக்கிறது. 1974ல் ஆஸ்திரேலியாவின் ஏபிசிக்குக் கொடுத்த பேட்டி இன்னும் அழகு, காரணம் கேள்வி கேட்டவர் தன் சின்ன மகனையும் கூட்டி வந்திருந்தார். அறை முழுக்கப் பெரிய பெரிய கணினிகள், நடுவில் ஒரு குழந்தை. இவன் பெரியவனாகும் 2001ல் என்ன இருக்கும் என்று கேட்டதும் பேச்சு தரைக்கு வந்துவிட்டது: வீட்டிலேயே ஒரு திரை, அதில் வங்கிக் கணக்கு, நாடகத்துக்கு டிக்கெட் என்று அன்றாட விஷயங்களைச் சொன்னார். ஐசக் அசிமோவ் 1988ல் பில் மோயர்ஸிடம் பேசியதும் இந்த வகைதான், வீட்டுக்கு வீடு கணினி, அது பெரிய நூலகங்களோடு இணைந்திருக்கும், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததைத் தன் வேகத்தில் கற்கலாம் என்று கண்கள் மின்னச் சொல்வார். அந்த மின்னலுக்காகத்தான் பார்க்கிறேன், பலித்ததா என்று டிக் அடிக்க இல்லை.

ரே பிராட்பரியைப் பற்றிச் சொல்ல வந்தால் நிறுத்துவது கஷ்டம். அவரிடம் கொஞ்சம் கதைகள் உண்டு, அதையே அறுபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1932ல், 12 வயதில், ஊருக்கு வந்த கேளிக்கைக் கூட்டத்தில் மிஸ்டர் எலெக்ட்ரிகோ என்ற வித்தைக்காரர் மின்சார நாற்காலியில் உட்கார்ந்தபடி, பொறி பறக்கும் வாளால் இந்தப் பையனைத் தொட்டு, என்றென்றும் வாழ்ந்திரு என்று கத்தினாராம். முடியெல்லாம் சிலிர்த்து நின்றதாம். அன்றிலிருந்து சில வாரங்களுக்குள் எழுத ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை என்பார். இன்னொரு கதை, பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் வாடகைத் தட்டச்சு இயந்திரங்கள் இருந்தது. அரைமணிக்குப் பத்து சென்ட். காசைப் போட்டதும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும், இவர் பைத்தியம் பிடித்தவர் போல் தட்டுவார். பின்னாளில் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலாக வளர்ந்த கதையின் முதல் வடிவம் அப்படித்தான் எழுதி முடிந்தது, மொத்தச் செலவு 9 டாலர் 80 சென்ட். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 49 மணி நேரம் வருகிறது.

இதை எல்லாம் நான் குறைந்தது எட்டுப் பேட்டிகளில் கேட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, அடுத்த வரி என்ன என்று எனக்கே தெரியும். அப்புறம் ஒரு கட்டத்தில் எரிச்சல் போய், கச்சேரியில் தெரிந்த கிருதியைக் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கு எங்கே இழுக்கிறார், எங்கே அவசரப்படுகிறார், வாள் மூக்கைத் தொடும் இடத்தில் கை எப்படிப் போகிறது என்று பார்ப்பேன். 2001ல், 80 வயதில், எழுதப் பழகுபவர்களுக்காக அவர் பேசிய நீண்ட உரை ஒன்று யூடியூபில் இருக்கிறது. நாவலில் ஆரம்பிக்காதீர்கள், வாரத்துக்கு ஒரு சிறுகதை எழுதுங்கள், வரிசையாக 52 மோசமான கதைகளை எழுத யாராலும் முடியாது என்பார். தூங்கப் போகும் முன் தினமும் ஒரு சிறுகதை, ஒரு கவிதை, ஒரு கட்டுரை படியுங்கள் என்பார். நான் அந்த 52 கதை யோசனையை முயன்று பார்த்தேன். ஏழு எழுதினேன். ஏழும் மோசம். மிச்சம் 45 இருக்கிறது, அதனால் அவர் சொன்னது தவறு என்று இன்னும் சொல்ல முடியாது.

எழுதி எடுத்து வந்து படிக்கும் உரைகளில் ‘அப்போ’ கிடைக்காது, எல்லாம் வீட்டிலேயே யோசித்து முடிந்திருக்கும். அதனால் அவற்றை நான் பெரும்பாலும் தவிர்ப்பேன், மூன்றைத் தவிர. முதலாவது அர்சுலா லெ க்வின் 2014 நவம்பரில் அமெரிக்காவின் நேஷனல் புக் ஃபவுண்டேஷன் விருதை வாங்கிக்கொண்டு பேசியது. 85 வயது, ஆறே நிமிடம். விருந்து மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பதிப்பகத்தார். அவர்களிடம், என் சொந்தப் பதிப்பாளர்களே பொது நூலகங்களுக்கு மின்னூலை ஆறேழு மடங்கு விலைக்கு விற்கிறார்கள் என்று சொன்னார். முதலாளித்துவத்திலிருந்து தப்பவே முடியாது என்று தோன்றுகிறது, அரசர்களுக்கு ஆண்டவன் கொடுத்த உரிமையும் ஒருகாலத்தில் அப்படித்தான் தோன்றியது என்றார். குரல் உயரவே இல்லை. கேமரா மேசைகள் பக்கம் திரும்பும்போது முகங்களைப் பாருங்கள், கை தட்டலாமா கூடாதா என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொள்வது போல எனக்குத் தோன்றும்.

இரண்டாவது ஃபிலிப் கே. டிக் 1977ல் பிரான்சின் மெட்ஸ் நகரத்தில் பேசியது. நாம் வாழ்வது கணினி நிரலால் ஆன ஒரு யதார்த்தத்துக்குள், எப்போதாவது அந்த நிரலில் ஏதோ ஒரு மதிப்பை மாற்றும்போதுதான் அது நமக்குத் தெரியவருகிறது என்கிறார். கதையில் இல்லை, தன் வாழ்க்கையில் நடந்ததாகவே சொல்கிறார், கணக்குப் புத்தகம் வாசிப்பவர் போல. இவர் விளையாடுகிறாரா, நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான். மூன்றாவது, டெரி ப்ராட்செட். மூளையைப் பாதிக்கும் அரிய வகை அல்சைமர் நோய் 2007 இறுதியில் உறுதியாகியிருந்தது, பக்கத்தைப் பார்த்துப் படிப்பது சிரமம். 2010ல் பிபிசியின் டிம்பில்பி உரையைத் தானே எழுதினார், அறிமுகத்தை மட்டும் பேசிவிட்டு மற்றதை நடிகர் டோனி ராபின்சனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார், இன்றைக்கு எனக்கு டூப் இவர்தான் என்ற பொருளில் ஒரு ஜோக்கும் அடித்தார். தன் சாவைத் தானே தீர்மானிக்கும் உரிமை பற்றிய உரை. ப்ராட்செட் ஓரத்தில் தொப்பியோடு உட்கார்ந்து, தன் வாக்கியங்கள் வேறொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறதா என்று அவர் கவனிப்பது போல எனக்கு ஒவ்வொரு முறையும் படும். சாவைப் பற்றிய உரையிலும் அந்தத் தொழில் கவலை போகவில்லை பாருங்கள்.

பேட்டி எடுப்பவர் பற்றி. நல்ல பேட்டியாளர் எழுத்தாளரைவிட அரிது. புத்தகத்தின் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்களை முதல் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம், ‘இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பிப்பார்கள். லெ க்வினோடு டேவிட் நைமன் செய்த வானொலி உரையாடல்கள் புத்தகமாகவே வந்தன என்றால் அதற்குக் காரணம் நைமன் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு வந்ததுதான், வாக்கியத்தின் ஓசை பற்றி, இலக்கணம் பற்றி எல்லாம் கேட்டிருக்கிறார், அவரும் அதற்கு வாஞ்சையோடு பதில் சொல்லியிருக்கிறார். அதைவிட நல்லது, பேட்டியாளரே வேண்டாம் என்று இரண்டு எழுத்தாளர்களை ஒரே மேடையில் உட்காரவைப்பது. ஆக்டேவியா பட்லரும் சாமுவேல் டிலேனியும் 1998ல் எம்ஐடியில் சேர்ந்து பேசினார்கள். 1970ல் கிளாரியன் எழுத்துப் பட்டறையில் பட்லர் மாணவி, டிலேனி ஆசிரியர்களில் ஒருவர். 28 வருடம் கழித்து சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் பட்லர் ‘மேதைகளுக்கான நிதி’ என்று சொல்லப்படும் மக்ஆர்தர் உதவித்தொகை வாங்கிய முதல் அறிவியல் புனைவு எழுத்தாளராகவும் ஆகியிருந்தார். டிலேனி பேச்சு கிளை விட்டுக் கிளை தாவும். பட்லர் இயல்பிலேயே கூச்சம் உள்ளவர், கனமான குரலில் நிதானமாக ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். ஒருவர் பேசும்போது மற்றவர் எப்படிக் கேட்கிறார் என்பதையே தனியாக ரசிக்கலாம்.

பார்வையாளர்களை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன், எனக்கு வாய்த்த அந்தப் பையனும் பார்வையாளன்தானே. ‘எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்து’ என்று எழுந்து ஏழு நிமிடம் பேசுபவர் எந்த அரங்கிலும் ஒருவர் இருப்பார். அடுத்த பாகம் எப்போது வரும் என்று கேட்பவரும் இருப்பார், அப்போது எழுத்தாளர் முகத்தில் வருகிற புன்னகையைக் கடன்காரனைப் பார்த்தவர் முகத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த இலக்கிய வகையில் மேடைக்கும் கீழே இருக்கும் நாற்காலிக்கும் தூரம் எப்போதுமே குறைவு. 1939ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைவு மாநாட்டில் 19 வயது அசிமோவும் 18 வயது பிராட்பரியும் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இப்போதும் அந்த மாநாடுகளில் காஃபிக்ளாட்ச் என்று ஒன்று உண்டு. ஒரு மேசை, ஓர் எழுத்தாளர், பெயர் கொடுத்து இடம் பிடித்த பத்துப் பேர், ஒரு மணி நேரம், மைக் கிடையாது. நேரில் போக எனக்கு வாய்க்கவில்லை, இணையத்தில் நடந்த ஒன்றில் மட்டும் இருந்தேன். எல்லாருமே கூச்சப்பட்டு முதல் பத்து நிமிடம் அவருடைய பூனையைப் பற்றியே பேசினோம்.

மொழிபெயர்ப்பாளர் வைத்து நடக்கும் உரையாடல்களைப் பலர் தவிர்க்கிறார்கள், எனக்கு அவை ரொம்பப் பிடிக்கும். மின்நிலையத்தில் கணினிப் பொறியாளராக வேலை பார்த்த லியூ சிஷின் சீனத்தில்தான் பேசுவார். அவர் சொல்லி முடித்ததும் அரங்கில் ஒரு பகுதி சிரிக்கும். மொழிபெயர்த்ததும் மறுபகுதி சிரிக்கும். நடுவில் இருக்கும் அந்த அரை நிமிடத்தில், மொழி தெரியாத நாம் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு என்ன சொல்லியிருப்பார் என்று ஊகித்துக்கொண்டிருப்போம். தானியங்கி சப்டைட்டில்களை மட்டும் நம்பாதீர்கள், எழுத்தாளர் பத்து வருடம் யோசித்து வைத்த வேற்றுக்கிரகப் பெயரை அது ஒரு சலவைத்தூளின் பெயராக மாற்றிவிடும்.

தலைப்பில் சொன்னதற்கு வருகிறேன். பாட்காஸ்டை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடுகிற நண்பர்கள் எனக்கு நிறைய, நேரம் மிச்சமாம். சிலர் ‘மௌனத்தை நீக்கு’ என்ற வசதியையும் போட்டுவைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு சூரியன் எழுத்தாளர் பதில் சொல்லும் முன் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பின்னால் பதிவில் அளந்தேன், பதினோரு வினாடி. அந்தச் செயலி அதைத் துடைத்துவிட்டால், சட்டென்று பதில் சொல்லத் தெரிந்த கெட்டிக்காரர் ஒருவர்தான் மிச்சம் இருப்பார். அப்படிப்பட்டவர்களைத்தான் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறோமே.

போன மாதம் நானும் ஒரு நேரலையில் கேள்வி கேட்டேன். மூன்று பத்தி. இரண்டு நாள் யோசித்து, நான் எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதியது. நெறியாளர் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு, நல்ல கேள்வி என்று சொல்லி நிறுத்திவிட்டார். அந்த இரண்டு வரியில் கேள்வியே இல்லை, வெறும் பாராட்டு. எழுத்தாளர் நன்றி என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் வேறு ஒருவரின் நேரலை இருக்கிறது. அவருடைய நாவலில் வரும் மக்கள் தூங்குவதே இல்லை, அவர்களுக்கு இரவு என்ற சொல்லே கிடையாது. இந்த முறையும் மூன்று பத்திதான் எழுதினேன். அதில் இரண்டை அடித்தேன், மூன்றாவதில் பாதியை அடித்தேன், கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: உங்கள் கதையில் யாருமே தூங்குவதில்லை, அப்போ நாலாவது அத்தியாயத்தில் அந்த அம்மா ஏன் தாலாட்டுப் பாடுகிறாள்?